கலாசாலை மாணவியும் நம் முதற் கேள்வியும்

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், நமது ரயில்வே குடியிருப்பில் ஒரு வீட்டுக் கூடத்தில் பெரியவர்கள் நால்வர் கூடி அமர்ந்தோம். அவ்வீட்டுப் பெண் வேறு மாநிலத்துக் கலாசாலை ஒன்றில், விடுதியில் தங்கி இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். பரீட்சைக்கு மூன்று வாரமே இருக்கையில், முன்னறிவிப்பு ஏதுமின்றி, முன்பதிவில்லாத பெட்டியில் இரவு முழுவதும் உட்கார்ந்தே பயணம் செய்து வந்து சேர்ந்திருந்தாள். உடன் படிக்கும் மாணவன் ஒருவன், பாடக் குறிப்புகள் தருவதாக வரச்சொல்லி, அவளிடம் பலாத்காரமாக நடந்துகொண்டான் என்பதைத் தாயாரிடம் பாதியும் பாட்டியிடம் மீதியுமாகச் சொல்லியிருந்தாள்.

கூடத்தில் அவளிடம் மூன்று கேள்விகள் கேட்கப்பட்டன. அந்த வேளையில் அங்கே ஏன் போனாய் என்பது ஒன்று. அவன் உனக்கு முன்பே பழக்கமா என்பது இரண்டாவது. இது வேறு யாருக்குத் தெரியும் என்பது மூன்றாவது. மூன்றாவது கேள்வியைக் கேட்டவர் நாம். ஒரு மணி நேரத்துக்குள் முடிவு செய்துவிட்டோம்: படிப்பு போதும், மாற்றுச் சான்றிதழ் வாங்கிவிடலாம், விஷயம் இந்தச் சுவர்களைத் தாண்ட வேண்டாம். அன்றிரவு வண்டியிலேயே அவள் தகப்பனாருக்கு இடம் பிடித்துக் கொடுத்து, பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு வரும்படி அனுப்பிவைத்தவரும் நாமே. நல்ல காரியம் செய்ததாகவே எண்ணிக்கொண்டு வீடு திரும்பினோம். அந்த மாணவன் அதே கலாசாலையில் படித்துத் தேறினான் என்பது பிற்பாடு காதில் விழுந்தது.

இதனை எழுதுமுன் அப்பெண்ணிடம் அனுமதி கேட்டோம். அவள் இரண்டு நாள் யோசித்துச் சொன்ன பதில் இது: "எழுதுங்க மாமா. ஊர் பேர் வேண்டாம். ஆனா அன்னைக்கு என்னை என்ன கேட்டீங்களோ, அதையும் சேர்த்து எழுதுங்க." ஆகவே அடையாளம் காட்டக்கூடியவற்றை மாற்றியும் விட்டும், கேள்விகளை மட்டும் மாற்றாமலும் மேலே எழுதினோம்.

இந்தப் பழைய கதை இப்போது வெளிவரக் காரணம் நம் சங்கத்தின் விழாக் குழுதான். வரும் பொங்கல் விழாவுக்கு என்ன நாடகம் போடலாம் என்று பேசிக்கொண்டிருக்கையில், வழக்கமான ஹாஸ்ய நாடகம் சலித்துவிட்டது என்று சொன்ன இளைஞர் ஒருவர், கொல்கத்தாவுக்கு அருகே ஒரு கிராமத்தில் தாம் பார்த்த விந்தையான நாடகத்தைப் பற்றி விவரித்தார். அதில் சபையோரே எழுந்து சென்று நடிக்கிறார்களாம். அதே முறையை வெளிநாட்டுச் சர்வகலாசாலைகளில், மாணவிகளுக்கு நேரும் பலாத்காரத்தைப் புரிந்துகொள்ளவும் தடுக்கவும் கையாளுகிறார்கள் என்றும் அவர் சொன்னார். பள்ளியிறுதி வகுப்போடு நின்றுவிட்ட நாம், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சில வார இரவுகள் அந்த ஆராய்ச்சிகளைப் படித்தோம். படிக்கப் படிக்க அந்தக் கூடம்தான் கண்முன் வந்தது.

முதலில் நம் அச்சம் எங்கே நிற்கிறது என்பதைப் பார்ப்போம். 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு 9-ஆம் தேதி கொல்கத்தா ஆர். ஜி. கர் மருத்துவக் கல்லூரியில் பயிற்சி மருத்துவர் ஒருவர் பணியிடத்திலேயே கொடுமைக்குள்ளாகிக் கொலையுண்டார். அவ்வாண்டு டிசம்பர் 23 இரவு சென்னை அண்ணா பல்கலைக் கழக வளாகத்தில் மாணவி ஒருவர் பலாத்காரத்துக்கு ஆளானார். வங்கத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு முன்னது வாசற்படியில் நடந்தது. பின்னது தாய்வீட்டில் நடந்தது. இரண்டிலும் 2025-இல் தீர்ப்பு வந்து, குற்றவாளிகள் ஆயுள் தண்டனை பெற்றனர். இரு வழக்கிலும் குற்றவாளி அப்பெண்ணுக்கு உற்றவன் அல்லன். இத்தகைய செய்திகளைப் படித்துவிட்டு நாம் மகளுக்குச் சொல்லும் புத்திமதி என்ன? இருட்டில் போகாதே, தெரியாதவரோடு பேசாதே என்பதுதான். சொல்ல வேண்டியதுதான். ஆனால் தேசியக் குற்றப் பதிவேடுகள் ஆண்டுதோறும் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்கின்றன: பதிவாகும் வன்புணர்ச்சி வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டவற்றில் குற்றஞ்சாட்டப்பட்டவன் அப்பெண்ணுக்குத் தெரிந்தவன். நம் புத்திமதியோ எஞ்சிய சிறு பங்குக்காகத் தைத்த சட்டை.

கலாசாலைகளைப் பற்றி இவ்வுண்மையை முதன்முதலில் பெரிய அளவில் கணக்கெடுத்துக் காட்டியவர் அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தின் கென்ட் பல்கலைக் கழகத்தில் உளவியல் பேராசிரியையாக இருந்த மேரி காஸ். அவரும் அவருடைய கூட்டாளிகளும் 32 கல்வி நிலையங்களில் பயின்ற 6,159 மாணவ மாணவியரிடம் வினாத்தாள் கொடுத்து, முடிவை 1987-இல் வெளியிட்டனர். அவர் செய்த சூட்சுமம் ஒன்று உண்டு. 'நீங்கள் வன்புணர்ச்சிக்கு ஆளானீர்களா?' என்று அவர் கேட்கவே இல்லை. அந்தச் சொல்லையே விலக்கி, நடந்த செயலை மட்டும் விவரித்து, 'இப்படி உங்களுக்கு நேர்ந்ததுண்டா, உங்கள் விருப்பத்துக்கு மாறாக, பலவந்தத்தினாலோ மிரட்டலினாலோ?' என்கிற முறையில் கேட்டார். சட்டப்படி வன்புணர்ச்சி, அல்லது அதற்கான முயற்சி, என்று கொள்ளத்தக்க செயலுக்குப் பதினான்கு வயதுக்குப் பின் ஆளானவர்கள் மாணவிகளில் 27.5 விழுக்காடு என்று தெரிந்தது. ஏறத்தாழ நால்வரில் ஒருவர். அவர்களில் 84 விழுக்காட்டினர் அவனை முன்பே அறிந்திருந்தனர்.

இவற்றைவிட நம்மைத் திகைக்க வைத்த கணக்குகள் வேறு. வன்புணர்ச்சிக்கு ஆளானவர்களில் தமக்கு நேர்ந்ததற்கு அந்தப் பெயரை இட்டவர்கள் 27 விழுக்காட்டினரே. ஒருவரிடமும் வாய் திறவாதவர்கள் 42 விழுக்காடு. போலீசுக்குப் போனவர்கள் 5 விழுக்காடு. அதாவது, நடந்தது என்னவென்று அப்பெண்ணுக்குத் தெரியும். அதன் பெயர் இன்னதென்று சொல்ல மட்டும் அவளால் முடியவில்லை. பழகியவன், உடன் படிப்பவன், நேற்று வரை சிரித்துப் பேசியவன் செய்த செயலுக்கு அவ்வளவு பெரிய பெயரை எப்படி இடுவது என்ற மலைப்பு. மாணவர்களிலும் 7.7 விழுக்காட்டினர் அத்தகைய செயலைத் தாம் செய்ததாக வினாத்தாளில் ஒப்புக்கொண்டனர். அவர்களில் பெரும்பாலோர் அது குற்றம் என்றே கருதவில்லை.

காஸ் அம்மையாரின் கணக்கு மிகை என்று மறுத்த அறிஞர்களும் உண்டு. பல ஆண்டுகள் வாதம் நடந்தது. ஆயினும், 2019-இல் அமெரிக்கப் பல்கலைக் கழகங்களின் சங்கம் 33 கல்வி நிலையங்களில் 1,81,752 பேரிடம் விசாரித்தபோது, இளங்கலை மாணவிகளில் 25.9 விழுக்காட்டினர், கலாசாலையில் சேர்ந்த பின், பலவந்தத்தாலோ சம்மதம் தர இயலாத நிலையிலோ தம் விருப்பமின்றித் தீண்டப்பட்டதாகக் கூறினர். இரண்டு விசாரணைகளும் அளந்த பொருள் ஒன்றல்ல. ஆகவே எண்ணை எண்ணோடு ஒப்பிடுவது பிழை. முப்பது ஆண்டு கழிந்தும் இது அருமையாக நேரும் விபத்தன்று என்பது மட்டும் விளங்குகிறது.

நியூயார்க் நகரின் கொலம்பியாப் பல்கலைக் கழகத்தில் ஜெனிஃபர் ஹெர்ஷ், ஷாமஸ் கான் என்ற இரு பேராசிரியர்கள் எண்களை விட்டு மாணவரோடு பழகினார்கள். நூற்றைம்பதுக்கு மேற்பட்ட மாணவ மாணவியரின் வாழ்க்கைக் கதைகளைக் கேட்டு 2020-இல் ஒரு நூல் எழுதினார்கள். அதில் வரும் ஒரு சிறு செய்தி நம் மனத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது. விடுதி அறை மிகச் சிறியது. உட்காரக் கட்டிலைத் தவிர வேறு இடமில்லை. பேச வந்தவள் கட்டிலில் உட்காருகிறாள். உட்கார்ந்ததையே சம்மதமாக அவன் எடுத்துக்கொள்கிறான். ஒரு நாற்காலி கூடுதலாக இருந்தால், இரவு வெகுநேரம் திறந்திருக்கும் ஒரு பொதுக்கூடம் இருந்தால், சில சம்பவங்கள் நேர்ந்திரா என்று அவர்கள் கருதுகிறார்கள். குற்றவாளியின் பொறுப்பைக் குறைப்பதற்காக அன்று. இடத்தை அமைப்பவர்களுக்கும் பொறுப்புண்டு என்பதற்காக. அதே பல்கலைக் கழகத்தில் எடுத்த கணக்கில் மாணவர்களில், அதாவது ஆண் பிள்ளைகளில், எட்டுப் பேருக்கு ஒருவரும் இத்தகைய அத்துமீறலுக்கு ஆளாகியிருந்தனர் என்பதையும் சொல்லி வைக்கிறோம். மகனை விடுதிக்கு அனுப்பியிருப்போரும் இதைப் படிக்க வேண்டும்.

இங்கே நம் மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பத்திரிகைகள் நெடுங்காலம் இதனைக் 'கற்பழிப்பு' என்றே எழுதி வந்தன. அழிந்தது அவளுடைய கற்பு என்பது அச்சொல்லின் பொருள். அழித்தவன் அச்சொல்லில் எங்கேயும் இல்லை. 'வன்புணர்ச்சி' என்றால் வன்மை செய்தவன் ஒருவன் உண்டு என்பது தெரிகிறது. தெருவில் பெண்களைத் துன்புறுத்துவதற்கு 'ஈவ் டீசிங்' என்று விளையாட்டுப் பெயர் வைத்திருந்ததும் இவ்வகையே. 1998-இல் சென்னையில் ஆட்டோவில் வந்தவர்களின் தொல்லையால் ஒரு கல்லூரி மாணவி உயிரிழந்த பிறகு தமிழ்நாடு இயற்றிய சட்டமும் முதலில் அந்தப் பெயரையே தாங்கியிருந்தது. பின்னர்தான் பெண்கள் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் என்று பெயர் மாற்றினார்கள்.

இனி, நமக்கு உறைத்த ஆராய்ச்சிக்கு வருகிறோம். கலிபோர்னியா மாநிலப் பல்கலைக் கழகத்தின் லாங் பீச் வளாகத்தைச் சேர்ந்த கோர்ட்னி ஆரென்ஸ் என்ற உளவியல் பேராசிரியை 2006-இல் வெளியிட்டது அது. அதில் அவர் எடுத்துக்கொண்டது எட்டே பெண்களின் கதைகள். எண்ணிக்கை சிறிதே. ஆனால் அந்த எட்டுப் பேருக்கும் ஒரு பொதுத் தன்மை உண்டு. அவர்கள் முதலில் மௌனமாக இருந்தவர்கள் அல்லர். நடந்ததை வாய் திறந்து யாரோ ஒருவரிடம் சொன்னவர்கள். சொன்ன பின் மௌனமானவர்கள். ஏன்? கேட்டவர் சொன்ன பதில்தான் காரணம். அதிகாரிகளிடம் சொல்லி அலட்சியத்தைப் பெற்றவள், இனி யாரிடம் சொல்லி என்ன பயன் என்று நிறுத்திக்கொண்டாள். உறவினரிடமும் தோழியரிடமும் சொல்லிக் குற்றச்சாட்டைப் பெற்றவள், தவறு தன்னுடையதே என்று ஏற்கெனவே அரித்துக்கொண்டிருந்த எண்ணம் உறுதிப்பட்டு நிறுத்திக்கொண்டாள். இருசாராரின் சந்தேகத்தையும் கண்டவள், நடந்தது பலாத்காரம்தானா என்று தானே ஐயுற்று நிறுத்திக்கொண்டாள்.

நாம் நால்வரும் கேட்ட மூன்று கேள்விகளை மறுபடி படித்துப் பார்க்கும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். அங்கே ஏன் போனாய் என்பது குற்றச்சாட்டு. முன்பே பழக்கமா என்பது சந்தேகம். வேறு யாருக்குத் தெரியும் என்பது வாயைப் பொத்தும் கை. அடித்தவர் ஒருவரும் இல்லை. உரக்கப் பேசியவர்கூட இல்லை. அப்பெண்ணின் மேல் அன்பில்லாதவர் அந்தக் கூடத்தில் ஒருவரும் இல்லை.

லாங் பீச் வளாகத்தில் ஆராய்ச்சியும் நாடகமும் கைகோத்தன. அதைச் சொல்லுமுன், அந்த நாடக முறை பிறந்த கதையைச் சொல்லியாக வேண்டும், ரசமான கதை. பிரேசில் நாட்டில் ஆகஸ்டோ போவால் என்றொரு நாடகாசிரியர் இருந்தார். ராணுவ ஆட்சி 1971-இல் அவரைச் சிறையிலிட்டுச் சித்திரவதை செய்து நாடு கடத்தியது. 1973-இல் அவர் பெரு நாட்டில் எளிய மக்களிடையே நாடகம் நடத்திக்கொண்டிருந்தபோது, எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணொருத்தி தன் கதையைச் சொன்னாள். கணவன் அவளிடம் சில காகிதங்களைக் கொடுத்துப் பத்திரமாக வை என்றிருந்தான். அவள் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னபோது அவை அவனுடைய ஆசைநாயகி எழுதிய காதற் கடிதங்கள் என்று தெரிந்தது. அன்றிரவு அவன் ஊரிலிருந்து திரும்புகிறான், என்ன செய்வது?

அதுவரை போவாலின் வழக்கம், சபையோர் சொல்லும் யோசனைகளை நடிகர்கள் நடித்துக் காட்டுவது. பலர் பல யோசனை சொன்னார்கள். சபையில் இருந்த பருத்த மாது ஒருத்தி, அவனோடு மிகத் தெளிவாகப் பேசிவிட்டுப் பிறகு மன்னிக்கட்டும் என்றாள். நடிகை தெளிவாகப் பேசினாள். இது தெளிவல்ல என்றாள் மாது. மறுபடி நடித்தாள், மறுபடியும் அந்த அம்மாளுக்குத் திருப்தியில்லை. சலித்துப்போன போவால், நீங்களே மேடைக்கு வந்து காட்டுங்கள் என்று அழைத்தார். அவள் ஏறினாள், துடைப்பத்தை எடுத்தாள், கணவன் வேடதாரியை ஆன மட்டும் மொத்தினாள், பிறகு உட்கார்ந்து, போய்ச் சமையலறையிலிருந்து எனக்குச் சோறு கொண்டுவா என்றாள். அவள் சொன்ன 'தெளிவான பேச்சு' எது என்பது அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கிற்று. பார்ப்பவர் யோசனை சொல்வது போதாது, தாமே செய்து காட்ட வேண்டும் என்று போவால் அன்று கற்றுக்கொண்டார். 2009-இல் காலமாகும் வரை அந்த முறையை நாடு நாடாகப் பரப்பினார்.

முறை இதுதான். தவறாக முடியும் ஒரு சிறு நாடகத்தை முதலில் முழுமையாக நடிப்பார்கள். பிறகு முதலிலிருந்து மறுபடி தொடங்குவார்கள். இப்போது சபையோரில் எவரும் 'நிறுத்து' என்று குரல் கொடுக்கலாம். எழுந்து போய் ஒரு பாத்திரத்தின் இடத்தில் நின்று வேறுவிதமாக நடந்து பார்க்கலாம். மற்ற நடிகர்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். உலகம் எப்படி எதிர்க்குமோ அப்படியே எதிர்ப்பார்கள். மேடைக்கும் சபைக்கும் நடுவில் நின்று கேள்வி கேட்கும் ஒருவர் உண்டு. அவரை நம் தெருக்கூத்தில் எல்லோரும் அறிவோம்: கட்டியங்காரன்தான்.

லாங் பீச்சில் மார்க் ரிச் என்ற பேராசிரியர் இந்த முறையில் 'இன்டர்ஆக்ட்' என்ற மாணவர் குழுவை அமைத்தார். அவர்கள் நடிப்பது அறிமுகமானவனால் நேரும் பலாத்காரம். அங்கே சபையில் இருக்கும் மாணவர்களிடம், அப்பெண் எப்படித் தப்பித்திருக்கலாம் என்று கேட்பதில்லை. அருகே இருந்த நண்பர்கள் எப்போது, எப்படி, என்ன சொல்லி இடைமறித்திருக்கலாம் என்றே கேட்கிறார்கள். அத்தோடு நின்றுவிடுவதுமில்லை. நடந்தபின் அவள் வந்து சொல்லும்போது அவளை எப்படித் தேற்றுவது என்பதையும் பயிற்றுகிறார்கள். எட்டுப் பெண்களின் மௌனத்தை ஆராய்ந்த அதே ஆரென்ஸ் அம்மையார், ரிச்சுடனும் ஜோடி உல்மன் என்ற ஆராய்ச்சியாளருடனும் சேர்ந்து, இந்நாடகத்தைப் பார்த்த மாணவரை முன்னும் பின்னும் மூன்று மாதம் கழித்தும் விசாரித்து 2011-இல் முடிவை வெளியிட்டார். தலையிட்டால் பலன் உண்டு என்ற நம்பிக்கையும், தாம் தலையிடக்கூடும் என்ற எண்ணமும் கூடியிருந்தன. தொடக்கத்தில் அக்கறை குறைந்திருந்தவர்களிடமே மாற்றம் அதிகம்.

இதில் நமக்கு ஒரு சந்தேகமும் உண்டு. தலையிடுவேன் என்று தாளில் எழுதுவது வேறு. நள்ளிரவில் நண்பனின் கையைப் பிடித்து நிறுத்துவது வேறு. நாடகம் பார்த்ததனால் ஒரு கலாசாலையில் குற்றம் இத்தனை குறைந்தது என்று அந்த ஆராய்ச்சி நிறுவவில்லை. ஆயினும், செய்து பழகாத காரியத்தை வாய் செய்வதில்லை என்பதை நாம் அந்தக் கூடத்தில் அறிந்தோம். நான்கு பேருக்கும் பழக்கமாயிருந்த வாக்கியங்கள் மட்டுமே நாக்கில் வந்தன.

சபை சும்மா இருக்கும் கதை நமக்குப் புதிதன்று. வட தமிழ்நாட்டுக் கிராமங்களில் பாரதக் கூத்தில் துகிலுரியும் இரவைக் கண்டவர்கள் நம்மில் பலர் இருப்பார்கள். பீஷ்மர் இருக்கிறார், துரோணர் இருக்கிறார், கற்றவரும் பெரியவரும் நிறைந்த அவை. திரௌபதி நியாயம் கேட்கிறாள். ஒருவரும் பதில் சொல்வதில்லை. கௌரவரில் இளையவனான விகர்ணன் எழுந்து இது தகாது என்கிறான். அவனைக் கர்ணன் அடக்கிவிடுகிறான். துச்சாதனனைத் திட்டியே பழகிய நாம், விகர்ணனின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை.

இங்கே வங்கத்தில், போவாலின் முறையை 1985-இல் தோன்றிய 'ஜன சன்ஸ்கிருதி' என்ற குழு கிராமங்களில் நடத்தி வருகிறது. சஞ்சய் கங்குலி என்பவர் சுந்தரவனப் பகுதியில் தொடங்கியது. நடிப்பவர்களில் பெரும்பாலோர் உழைக்கும் மக்கள். அவர்களுடைய 'சோனார் மேயே' என்ற நாடகம் ஒரு பெண்ணின் பிறந்த வீட்டுக் காலம், கல்யாணப் பேரம், புக்ககத்து வாழ்வு ஆகியவற்றைக் காட்டுகிறது. நம் சங்கத்து இளைஞர் பார்த்தது அதைத்தான். பெண்ணின் தகப்பனார் இடத்தில் தாம் நிற்பதாகச் சபையிலிருந்து ஒரு கிழவர் எழுந்து போனாராம். உறுதியாகப் பேசத் தொடங்கியவர், தரகரின் நாலாவது வாக்கியத்தில் தடுமாறிப்போய், 'இது சொல்வதற்கு எளிதாக இருந்தது' என்று சிரித்தாராம். அச்சிரிப்பில் கிராமமே கலந்துகொண்டது என்றார் நம் இளைஞர்.

சட்டத்தைப் பற்றியும் அறிந்திருக்க வேண்டும். அன்று அந்தக் கூடத்தில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. 1997-இல் உச்ச நீதிமன்றம் விசாகா வழக்கில் வகுத்த நெறிகள் 2013-இல் சட்டமாயின. பல்கலைக் கழக மானியக் குழுவின் 2015-ஆம் ஆண்டு விதிகள் அதனைக் கலாசாலை மாணவிகளுக்கும் விரித்தன. ஒவ்வொரு கலாசாலையிலும் உட்புகார்க் குழு இருக்க வேண்டும்; தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும்; மாணவர் சம்பந்தப்பட்ட விஷயமானால் மாணவப் பிரதிநிதிகளும் அதில் இடம்பெற வேண்டும். சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தரலாம். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் உண்டு. விசாரணை நடக்கும்போது அவளுக்கு விடுப்புத் தரவும், அவனை விலக்கி வைக்கவும் வழியுண்டு. அதாவது ஊரைவிட்டு ஓடிவர வேண்டியவள் அவளல்லள். போலீசில் புகார் தர, சம்பவம் நடந்த ஊருக்கே போக வேண்டும் என்பதில்லை. நாட்டின் எந்தக் காவல் நிலையமும் அதைப் பதிவு செய்தாக வேண்டும். நம்மைப் போல் மாநிலம் தாண்டி வாழ்வோருக்கு இது பெரிய வசதி. எந்த மருத்துவமனையும் உடனே, இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். அவள் பெயரை வெளியிடுவது குற்றம். அவள் எதிர்த்துப் போராடவில்லை என்பதனால் சம்மதித்ததாகக் கொள்ளக் கூடாது என்பதையும் சட்டம் தெளிவாக எழுதியிருக்கிறது. பெண்களுக்கான உதவித் தொலைபேசி எண் 181.

இவ்வளவும் ஏட்டில் உள்ளன. அண்ணா பல்கலைக் கழக வழக்கில் அம்மாணவியின் விவரங்கள் அடங்கிய முதல் தகவல் அறிக்கையே வெளியே கசிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்து, அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கும்படி உத்தரவிட்டு, பெண் அதிகாரிகள் மூவர் கொண்ட குழுவிடம் விசாரணையை ஒப்படைக்க வேண்டியிருந்தது. ஆகவே புகார் கொடுத்தே தீர வேண்டும் என்று அவளைத் துரத்துவதும் நம் வேலையன்று. கொடுப்பதா வேண்டாமா என்று தீர்மானிப்பவள் அவளே என்பதுதான் நாம் படித்தவற்றிலெல்லாம் திரும்பத் திரும்ப வருகிறது. அன்று நாம் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டது அந்தத் தீர்மானத்தைத்தான்.

அப்பெண் பின்னர்த் தபால் மூலம் படித்துப் பட்டம் பெற்று, இப்போது ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். அன்று யார் என்ன கேட்டிருந்தால் உனக்கு ஆறுதலாக இருந்திருக்கும் என்று அவளிடம் கேட்டோம். "பாட்டி மட்டும்தான் சாப்பிட்டியான்னு கேட்டா. அப்புறம் பக்கத்துல வந்து படுத்துக்கிட்டா. வேற ஒண்ணும் கேக்கல" என்றாள். பிறகு, "கேக்காததுனாலதான் மீதியை அவகிட்ட சொன்னேன்" என்றாள்.

பொங்கல் விழாவில் நம் சங்கம் இம்முறை நடத்தப் போகும் நாடகத்துக்கு இருபதே நிமிடம். காட்சி ஒன்றுதான்: இரவு ஒன்பதரை மணி, வீட்டுக் கூடம், விடுதியிலிருந்து மகளின் தொலைபேசி அழைப்பு. முதலில் நாம் எழுதியபடி, அதாவது அன்று நடந்தபடி, நடிக்கப்படும். பிறகு சபையோர் முறை. தாயாராகவும் தகப்பனாராகவும் பக்கத்து வீட்டுக்காரராகவும் வந்து நிற்க விரும்பும் அன்பர்கள் ஞாயிறுதோறும் மாலை ஐந்து மணிக்கு ஒத்திகைக்கு வரலாம். மகள் வேடத்துக்கு நம் சங்கத்து ஆசிரியை ஒருவர் இசைந்திருக்கிறார்; கட்டியங்காரரும் கிடைத்துவிட்டார்.

சென்ற ஞாயிறன்று தகப்பனார் வேடத்தில் நாமே நின்று பார்த்தோம். இவ்வளவும் படித்து, இக்கட்டுரையையும் பாதி எழுதி முடித்திருந்த சமயம். மணி அடித்தது, எடுத்தோம், மறுமுனையில் அழுகுரல். "எங்கேம்மா இருக்கே, இந்த நேரத்துல?" என்பதே வாயில் வந்தது. கட்டியங்காரர் கைதட்டி நிறுத்தினார். மறுபடியும் முதலிலிருந்து மணி அடிக்கச் சொன்னார்.